வெள்ளவத்தைக் கால்வாயிலிருந்து முகத்துவாரம் வரை: அக்காவோடு ஒரு பந்தயப் பயணம்

கொழும்பில் பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் காலிமுகத்திடலை எழுதுவார்கள், தாமரைக் கோபுரத்தை எழுதுவார்கள். நாற்றம் பிடித்த கால்வாய் ஒன்றின் கரையோடு முச்சக்கர வண்டியில் போனதை எவரும் எழுதியதாக எனக்குத் தெரியாது. நானும் ஆசைப்பட்டுப் போகவில்லை. சித்திரை மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, என் அக்காவோடு கட்டிய பந்தயத்துக்காகப் போனேன்.

அக்காவின் பெயர் பிலோமினா. எழுபதை நெருங்குகிறார். களனி கங்கை கடலில் விழுகிற முகத்துவாரத்துக்குச் சற்று மேலே, மட்டக்குளியில், ஆற்றிலிருந்து எண்ணி நாற்பது காலடிகூட இல்லாத வீட்டில் தனியாக இருக்கிறார். அத்தான் காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன. மகன் நிரோஷன் இத்தாலியில். போன மழைக்கு ஆறு வீட்டுக்குள் வந்து யன்னல் விளிம்பு வரை நின்றது. அக்கா கோயில் மண்டபத்தில் பாய் போட்டுப் படுத்தார். அன்றிலிருந்து நிரோஷன் ஒவ்வொரு ஞாயிறும் என்னைக் கூப்பிட்டு, "மாமா, அடுத்த மழைக்கு முன்னம் அம்மாவை உங்க பக்கம் எடுங்கோ" என்று அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். மாடிக்குடியிருப்பில் மூன்று அறை, ஆள் ஒன்று. மனைவி மரீனா காலமாகி இரண்டு வருடமாகிறது. எனக்குக் கீழ் மாடியில் ஒரு சின்ன வீடு வாடகைக்கு வந்தது. உரிமையாளரோடு கதைத்து, வியாழக்கிழமை பின்னேரம் வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கச் சொன்னேன். அக்காவையும் ஒரு கிழமை வந்து என்னோடு நின்று பார்க்கச் சொன்னேன். வந்தார். வந்த முதல் இரவே குசினியில் நின்றபடி நான் பாணும் சம்பலும் சாப்பிடுவதைக் கண்டுவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு, "என்ன பழக்கமடா இது? குதிரையா நீ, நிண்டுகொண்டு தின்ன?" என்று ஒரு பேச்சுப் பேசினார். அதுதான் அவர் குணம். வாய் நீளம், கை அதைவிடத் தாராளம்.

ஆனால் கீழ் வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டால் மட்டும் வரமாட்டார். "ஆறில்லாத இடத்தில எனக்கு நித்திரை வராது" என்பார். நான்காம் நாள் எனக்கு ஒரு யோசனை உதித்தது. போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற வெள்ளவத்தைக் கால்வாய், கிருலப்பனை, நாரஹேன்பிட்டி, தெமட்டகொடை, ஒருகொடவத்தை என்று நகரத்தின் முதுகுப்புறமாக வளைந்து வளைந்து போய், கிராண்ட்பாஸ் முடிவில் களனி கங்கையோடு சேர்கிறது. ஒரே நீலக்கோடு, இடையில் வெட்டே இல்லை. "பாருங்கோ அக்கா, உங்கட ஆறுதான் எங்கட வீட்டுக்குப் பின்னால வருது" என்றேன், ஏதோ நானே வெட்டி வைத்த கால்வாய் மாதிரி.

அக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"படத்தில ஆரும் கோடு கீறலாம். நேரில காட்டு. அது ஒரே தண்ணியெண்டா நான் வாறன். இல்லையெண்டா இதுக்குப் பிறகு நீ வாயே திறக்கக்கூடாது, நிரோஷனும் திறக்கக்கூடாது."

இதுதான் பந்தயம். வியாழக்கிழமை காலை ஆறேமுக்காலுக்கு இறங்கினோம்.

கால்வாய் கடலில் விழுகிற இடத்திலிருந்தே தொடங்கவேண்டும் என்பது அக்காவின் கட்டளை. காலி வீதிப் பாலத்திலிருந்து கடற்பக்கமாக ஐந்து நிமிட நடை, ரயில் தண்டவாளத்தைக் கடக்கவேண்டும். இரண்டு பக்கமும் பார்த்துக் கடவுங்கள், அந்த வளைவில் ரயில் சத்தம் பிந்தித்தான் கேட்கும். கால்வாய் வாயில் மணல் திட்டு ஒன்று குறுக்கே கிடந்தது. நடுவில் நான்கைந்து அடி அகலத்துக்கு ஒரு வாய்க்கால். மழைக்கு முந்திய மாதங்களில் உள்ளிருந்து வரும் தண்ணீருக்கு வேகம் போதாது, அலை கொண்டுவந்து போடுகிற மணல் வாயை அடைத்துவிடும். பெருமழை வந்தால் தானாக உடைக்கும், அல்லது இயந்திரம் கொண்டுவந்து வெட்டிவிடுவார்கள்.

அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"டேய், உன்ர கால்வாய் பின்னுக்குப் போகுதடா."

உண்மைதான். தண்ணீர் கடலுக்குப் போகவில்லை, கடலிலிருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒரு சவர்க்கார உறையும் இரண்டு தென்னம்பூவும் ஏதோ வேலைக்குப் பிந்திவிட்ட மாதிரி கிருலப்பனைப் பக்கம் அவசரமாகப் போயின. கடல் ஏறுகிற நேரம். எங்கள் கடலில் ஏற்றம் பெரிதாக இல்லை, இரண்டு சாண் இருந்தால் அதிகம். ஆனாலும் நிலம் தட்டையாக இருப்பதால் அது போதும், தண்ணீர் திரும்பிவிடும்.

"முகத்துவாரத்திலயும் இப்பிடித்தான்" என்று சொல்லி அக்கா குனிந்து விரலை நீட்டினார்.

"அக்கா! வாயில வைச்சிடாதேங்கோ! அது கால்வாய்த் தண்ணி. இங்கயிருந்து நேர களுபோவில ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேணும்!"

"எனக்குத் தெரியும் போடா" என்று விரலை மூக்குக்குக் கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

அவர் ஏன் விரலை நீட்டினார் என்பதைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு இந்தப் பயணமே விளங்காது. நாங்கள் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர்கள். அப்பா துறைமுகத்தில் கிளாக்கர். மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் இருவரையும் ஆற்றுப்பக்கம் கூட்டிக்கொண்டு போவார். அங்கே எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது, பெயர் 'உப்புப் பார்க்கிறது'. பாலத்தடியில் ஒரு தரம், இடையில் தோணித் துறையில் ஒரு தரம், ஆற்றுவாயில் காக்கைதீவு மணலில் ஒரு தரம், ஆற்றில் விரலை நனைத்து நாக்கில் வைக்கவேண்டும். கடல் இன்றைக்கு எதுவரை ஏறியிருக்கிறது என்று சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் ஆறு இவ்வளவு அழுக்கில்லை. அல்லது எங்களுக்கு அழுக்கென்றால் என்னவென்று தெரியாது. சரியாகச் சொன்னவருக்கு ஒரு ஐஸ்பழம். ஒவ்வொரு முறையும் அக்காதான் வெல்வார், வென்றுவிட்டு ஐஸ்பழத்தின் பாதியை எனக்குத் தருவார். கடைசிப் பாதியை. குச்சியோடு.

பாலத்துக்குத் திரும்பி வந்து முச்சக்கர வண்டி பிடித்தோம். சாரதி ரிஸ்மி, தெமட்டகொடைக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். கால்வாய்க் கரையோடு எங்கெங்கே வண்டி போகுமோ அங்கெல்லாம் போய், நிற்கச் சொன்ன இடத்தில் நின்று, மட்டக்குளியில் விடவேண்டும் என்றேன். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குச் சம்மதித்தார். அப்புறம்தான் கேட்டார்.

"கால்வாய்ல என்ன சேர் இரிக்கி பாக்க?"

"பந்தயம் தம்பி" என்று அக்கா முழுக்கதையையும் பின்சீட்டிலிருந்து சொல்லிவிட்டார். வண்டி கிருலப்பனைச் சந்திக்கு வருவதற்குள் ரிஸ்மி அக்காவின் கட்சி.

"அன்டிதான் வெல்லுவாங்க. சேர் சொல்றதுக்கு குறை நினைக்காதீங்க, எங்கட வீட்டிலயும் உம்மா சொல்றதுதான் கடைசியில சரி."

காலி வீதிப் பாலத்திலிருந்து கிருலப்பனைப் பாலம் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். வழியில் பல இடங்களில் இப்போது நடைபாதை போட்டிருக்கிறார்கள். காலையில் போனால் நடக்கிறவர்களும் உண்டு, அவர்களைப் பொருட்படுத்தாமல் வெயில் காய்கிற கபரகொய்யாக்களும் உண்டு. முதலைக் குட்டி என்று பயந்து கத்தாதீர்கள், பெரிய உடும்பு வகைதான், நீங்கள் ஒதுங்கினால் அதுவும் ஒதுங்கும். கரையில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் கொடியில் போட்ட கறுப்புச் சட்டைகள் மாதிரி நின்றன. தண்ணீரின் நிறம் தேத்தண்ணிச் சாயம். மணம் இடத்துக்கு இடம் மாறும், சில இடத்தில் மூக்கைப் பொத்தவேண்டிவரும், சொல்லிவைக்கிறேன்.

நாரஹேன்பிட்டிக்கு அப்பால், இராஜகிரியப் பக்கம் கால்வாய் கிளைபிரிகிறது. அங்கே இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தோம். கொழும்பு மாநகரம் ஒரு சதுப்பு நிலத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை இந்த இடத்தில்தான் கண்ணால் காணலாம். கோரைப்புல்லும் ஆகாயத்தாமரையும் கட்டடங்களின் இடுக்கெல்லாம் நிற்கும். பெருமழை பெய்தால் இந்தச் சதுப்புகள்தான் தண்ணீரை முதலில் குடிக்கின்றன. எவ்வளவு மண் போட்டு நிரப்புகிறோமோ அவ்வளவு தண்ணீர் யாராவது ஒருவரின் வீட்டுக்குள் போய்த்தான் ஆகவேண்டும். இங்கே மீன்பிடிப் பூனைகள் இருக்கின்றன, வீட்டுக் கூரையில் ஏறி அலங்கார மீன் தொட்டியில் கைவைத்த கதைகளும் கேட்டிருக்கிறேன். நாங்கள் கண்டது கொக்கும், நீலமாய் ஒரு மின்னல் அடித்துப் போன மீன்கொத்தியும்தான்.

நான் விடாமல் விளக்கிக்கொண்டு வந்தேன். இது ஆங்கிலேயர் காலத்தில் வெட்டியது, வெள்ளத்தை நகரத்துக்கு வெளியே அனுப்ப. அந்தக் கிளை கோட்டே பக்கம் போகிறது. இது தெமட்டகொடை போகிறது. அக்கா எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். கீழ் வீட்டின் வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னேன், "ம்". அவ்வளவு உயரத்துக்கு நுளம்பு வந்து கடிக்காது என்றேன், "ம்". நிரோஷன் அங்கே இரவில் நித்திரையில்லாமல் கிடக்கிறான் என்றேன்.

"அவனுக்கு நித்திரை வராதது போன் நோண்டிறதால" என்றார்.

தெமட்டகொடையில் ரிஸ்மி தனக்குத் தெரிந்த கடையில் நிறுத்தினார். மூன்று பிளேன்டீ, ஆறு சமோசா, மொத்தம் அறுநூற்றுப் பத்து ரூபாய். சமோசா சூடு, உள்ளே நல்ல உறைப்பு, தவறவிடாதீர்கள். அங்கிருந்து ஒருகொடவத்தை வரை கொள்கலன் முற்றங்களும் லொறிகளும்தான். கரையோடு பாதை இல்லை, வெயிலும் தூசியுமாக இருபது நிமிடம் வாகன நெரிசலில் கிடந்தோம். நடந்து வர நினைக்கிறவர்கள் இந்தப் பகுதியை வண்டியில் கடந்துவிடுங்கள். கால்வாய் அங்கங்கே பாலத்தடியில் தலைகாட்டிவிட்டு மறையும்.

பதினொரு மணியளவில் கிராண்ட்பாஸ் முடிவில், நாகலகம் வீதிப் பக்கம் வந்து சேர்ந்தோம். இந்த வீதியின் பெயரை நீங்கள் வானொலியில் கேட்டிருப்பீர்கள். களனி கங்கை எத்தனை அடி என்பதை இங்கே அளந்துதான் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது செய்தி. எங்களுக்கு வீட்டு வேலை. "நாகலகம் வீதி அஞ்சடி" என்றால் அரிசி மூட்டையை அலுமாரிக்கு மேலே ஏற்றவேண்டும். "ஏழடி" என்றால் அரிசியை விட்டுவிட்டு ஆட்கள் ஏறவேண்டும். கொட்டாஞ்சேனை மேட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஆறு வந்ததில்லை, ஆனால் அப்பா இரவு வானொலிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பார், மட்டக்குளிச் சொந்தங்களுக்கு இடம் ஒதுக்க.

கால்வாய் ஆற்றோடு சேருகிற இடத்தை நோக்கி நடக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். வென்றுவிட்டேன் என்ற நினைப்பு. அங்கே போய் நின்றதும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

நடுவில் ஒரு மதகு. இரும்புக் கதவு இறக்கியிருந்தது. இந்தப் பக்கம் கால்வாயின் கறுப்புத் தண்ணீர், அசையாமல், பிளாஸ்டிக் போத்தல்களோடு. அந்தப் பக்கம் ஆறு, செம்மண் நிறத்தில், நுரைத்துக்கொண்டு, கால்வாயைவிட ஒரு முழம் உயரத்தில் ஓடியது. கரையில் நின்ற காவலாளியிடம் சிங்களத்தில் கேட்டேன். "அத கேட்டுவ வஹலா மஹத்தயா, உட வெஸ்ஸ" என்றார். மேலே மழை, அதனால் இன்று கதவைப் பூட்டியாயிற்று. மலையில் பெய்த மழை இறங்குகிறது. ஆறு உயர்ந்தால் நகரத்துக்குள் ஏறாமல் கதவை இறக்கிவிடுவார்கள். ஆறு தாழ்ந்தபிறகு திறந்தாலும் நகரத்தின் தண்ணீர்தான் ஆற்றுக்குள் போகுமாம், ஆறு நகரத்துக்குள் வராதாம். வரவிட்டால் நாங்கள் மூழ்குவோம்.

வரைபடத்தின் நீலக்கோட்டில் கதவு கீறியிருக்கவில்லை. இதை யாரிடம் போய் அழுவது? எங்கள் வீட்டுக்குப் பின்னால் வருவது களனி கங்கை இல்லை. எங்கள் வெள்ளவத்தைக்காரர்களின் குளியலறைத் தண்ணீர்.

அக்கா மதகைப் பார்த்து ஒருதரம் தலையை ஆட்டினார். ரிஸ்மிதான் கையைத் தட்டினார்.

"பார்த்தீங்களா சேர், நான் அப்பவே சொன்னேன்."

"நீர் வண்டியை எடும்" என்றேன். கோபம் அவர் மேல் இல்லை, சமோசா வாங்கிக் கொடுத்த என் மேல்.

முகத்துவாரத்துக்கு நேராகப் போயிருக்கலாம். அக்கா வண்டியைக் கொட்டாஞ்சேனைக்குள் விடச் சொன்னார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் என்று இப்போது நினைக்கிறேன். நாங்கள் பிறந்த ஒழுங்கையில் எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடி, கீழே பெயின்ட் கடை. ஒழுங்கை வாயில் நின்ற வேம்பு இல்லை. மாதா சொரூபக் கூடு மட்டும் அதே இடத்தில், புதிதாக நீலம் அடித்து, மின்குமிழ் போட்டு. ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் பக்கம் திரும்பியதும் அக்காவுக்கு வாய் திறந்தது. தைப்பொங்கல் நாளில் கோயில் பக்கத்து வீட்டுச் சிநேகிதி கொடுத்த பொங்கலை இருவரும் வழியிலேயே தின்றுமுடித்துவிட்டு, வெறும் வாழையிலையை அம்மாவிடம் நீட்டியதை ரிஸ்மிக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த ஒழுங்கையில் எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து காக்கைதீவு நான்கு கிலோமீட்டர் சொச்சம். மதியத்துக்குச் சற்று முன்னே மணலில் இறங்கினோம். வண்டியின் மீட்டரில் வெள்ளவத்தையிலிருந்து இருபத்தொரு கிலோமீட்டர்.

ஆற்றின் வாயைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு தை முதல் சித்திரை வரையான இந்த மாதங்களைவிட நல்ல நேரம் இல்லை. தையிலும் மாசியிலும் ஆறு மெலிந்துவிடும். அப்போது கடல் அடியால் நுழையும். உப்புத் தண்ணீர் பாரம், நல்ல தண்ணீர் இலேசு. மேலே ஆறு கடலுக்குப் போக, அடியில் கடல் ஆற்றுக்குள் ஏறும், மைல் கணக்கில். மேலே அம்பத்தளையில்தான் கொழும்புக்குக் குடிநீர் எடுக்கிறார்கள், கடும் வறட்சியில் உப்பு அங்கு எட்டிவிடாமல் ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்குவார்கள். உப்போடு மீனும் ஏறும். மணலை, கொடுவா, இறால், நண்டு எல்லாம் அக்கா வீட்டுப் படியடிக்கு வரும். வைகாசியில் தென்மேல் மழை பிடித்ததும் மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் உப்பை முழுதாக வெளியே தள்ளிவிடும், மீனும் கடலுக்குத் திரும்பும். கரையில் மிஞ்சியிருக்கிற கண்டல் மரங்களும் கிண்ணை மரங்களும் மட்டும் உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் இரண்டையும் தாங்கிக்கொண்டு நின்ற இடத்தில் நிற்கும்.

நாங்கள் போன அன்று ஆறு வென்றுகொண்டிருந்தது. செம்மண் தண்ணீர் கடலுக்குள் வெகுதூரம் விசிறிபோல் விரிந்து, அதன் விளிம்பில் பச்சைக் கடல் நேர்கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டின் மேல் ஆலாப் பறவைகள் விழுந்து விழுந்து எழும்பின. மணல்நாக்கு நாங்கள் சிறுவயதில் ஐஸ்பழம் தின்ற இடத்தில் இல்லை, வடக்கே நகர்ந்துவிட்டது. கரையெல்லாம் பிளாஸ்டிக். காகம் மட்டும் குறையவில்லை. அக்கா குனிந்து விரலை நனைத்தார். இந்த முறை நான் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டார்.

"உப்பே இல்லையடா. மழை வந்திட்டுது" என்றார்.

ரிஸ்மியை அனுப்பிவிட்டு, துறையில் மணலை மீன் அரைக் கிலோ எழுநூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். ஒரு கிழமை பூட்டிக் கிடந்த வீடு. யன்னலைத் திறந்ததும் ஆறு உள்ளே வந்த மாதிரி ஈரக்காற்று. சுவரில் போன வெள்ளத்தின் கோடு காவி நிறத்தில் அப்படியே கிடந்தது. அக்கா புளி விட்டுக் குழம்பு வைத்தார். சாப்பாடு முடிந்து நான் வாசல் படியில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. கீழ் வீட்டின் உரிமையாளர்.

தோற்றவன் தோற்றவன்தான். "வேண்டாம் சேர், அக்கா வரமாட்டா. வேற ஆக்களுக்குக் குடுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். அக்கா கை துடைத்தபடி வந்து மேல்படியில் உட்கார்ந்தார்.

"ஆர் போனில?"

"வீட்டுக்காரர். இல்லையெண்டு சொல்லிட்டன். நீங்கதானே வெண்டனீங்க."

"நல்லது. அந்த வீடு எனக்கு ஆரம்பத்திலயே வேண்டாம். இப்ப நான் ஒண்டு கேக்கிறன். ஒரு கிழமையா நீ கதைக்காத கதை இல்லை. வெள்ளம் எண்டாய். நுளம்பு எண்டாய். நிரோஷனுக்கு நித்திரையில்லை எண்டாய். இண்டைக்கு முழுக்க வெள்ளைக்காரன் வெட்டின கால்வாய் எண்டாய். ஒருக்காலாவது 'அக்கா, நான் தனிய இருக்கிறன், வாங்கோ' எண்டு சொன்னனியா?"

மரீனா போனபிறகு மேசையில் ஒரு பிளேட்டை மட்டும் வைக்க மனமில்லாமல்தான் நான் நின்றுகொண்டு சாப்பிடப் பழகினேன். அதை யாருக்கும் சொன்னதில்லை. சொல்லாமலே அக்காவுக்குத் தெரிந்திருந்தது, முதல் இரவே. கதிரையை இழுத்துப் போட்டது அதற்குத்தான்.

ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அக்கா, நான் தனிய இருக்கிறன். வாங்கோ."

"சத்தமாச் சொல்லு. ஆத்து இரைச்சலில கேக்கேல்லை."

அந்த இடத்தில் களனி கங்கைக்குச் சத்தமே கிடையாது. அவ்வளவு அகலமும் பாரமுமாய் ஊமையாகப் போய்க்கொண்டிருந்தது. நான் சத்தமாகச் சொன்னேன். அறுபத்திரண்டு வயதில் வாசல்படியில் இருந்து அழுதேன், எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அக்கா முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், பலமாகவே. பிறகு தீர்ப்புச் சொன்னார். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை, ஆறு ஆற்றுத் தண்ணீராக இருக்கிற மாதங்களில், அவர் என் வீட்டில் இருப்பார். கீழ் வீடு தேவையில்லை, மூன்றாவது அறை போதும். புரட்டாசி முடிந்ததும் வீட்டுக்குத் திரும்புவார். மார்கழியில் உப்பு ஏறத் தொடங்கியதும் நான் அங்கே போய் இருக்கவேண்டும், சித்திரை வரைக்கும். இடைப்பட்ட இரண்டு மாதம் அவரவர் வீட்டில் கிடந்து கொஞ்சம் மூச்சு விடலாமாம்.

"மீனே அப்பிடித்தானே போய்வருது. எங்களுக்கு என்ன?" என்றார்.

நீங்களும் போவதென்றால் என் அனுபவத்தில் சில வார்த்தை. தை முதல் சித்திரை வரை போங்கள், காலை ஏழுக்கு முன் தொடங்குங்கள், பத்துக்குப் பிறகு வெயில் மண்டையைப் பிளக்கும். முழுத் தூரத்துக்கும் முச்சக்கர வண்டி பேசுவதுதான் வசதி, காத்து நிற்கும் நேரத்தையும் சேர்த்தே விலை பேசுங்கள். திரும்பி வர மட்டக்குளியிலிருந்து புறக்கோட்டைக்கு பஸ், அங்கிருந்து காலி வீதி பஸ், நெரிசலைப் பொறுத்து ஒன்றரை மணித்தியாலம். மூடிய சப்பாத்துப் போடுங்கள், தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள், கொண்டுபோன போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். ஆற்றுவாயில் குளிக்க இறங்காதீர்கள், இழுவை பொல்லாதது. படம் எடுக்குமுன் கரையில் குடியிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அது அவர்களுடைய வாசல். உப்புப் பார்க்கவேண்டாம். எங்கள் அக்காவுக்கு அடுத்த நாள் ஒன்றும் ஆகவில்லை என்பதை முன்னுதாரணமாக எடுக்காதீர்கள்.

யாரையாவது இடம் மாறி வரச் சொல்லிக் கூப்பிடப் போகிறீர்களானால், வரைபடத்தைக் காட்டாதீர்கள். எதற்காகக் கூப்பிடுகிறீர்களோ அதை முதலில் சொல்லுங்கள். பெட்ரோல் மிச்சம்.

இதை வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். வெளியே இரண்டு நாளாக மழை விடவில்லை. கால்வாய் வாயிலிருந்த மணல் திட்டை நேற்றே வெள்ளம் உடைத்துக்கொண்டு போய்விட்டது. வானொலியில் நாகலகம் வீதி இத்தனை அடி என்று சொல்லும்போது மூன்றாவது அறையில் சத்தம் நின்றுவிடும். அக்கா கேட்பார், பிறகு மட்டக்குளியில் அயல்வீட்டுக்குப் போன் எடுத்து, அரிசியை மேலே வைத்தாயிற்றா என்று விசாரிப்பார். இப்போது குசினியிலிருந்து கூப்பிடுகிறார். "டேய், எழுதினது காணும், ஆறப்போகுது, வா." மேசையில் இரண்டு பிளேட் வைக்கிற சத்தம் கேட்கிறது. போய்க் கதிரையில் இருந்து சாப்பிடப்போகிறேன்.